வாந்தி 0-ன்னு எழுதுறோம், பிள்ளை ஒரு வாய் சாப்பிடலை: கீமோ குழந்தைகளோட குமட்டலை எப்படி அளக்குறது?

டேகேர்_சிஸ்டர் (கேள்வி)

வணக்கம். சேலத்துல குழந்தைகள் கீமோ டே கேர் பார்க்குறேன். எங்க சார்ட்ல "வாந்தி: எத்தனை தடவை"ன்னு ஒரு கட்டம் உண்டு, குமட்டலுக்கு இடமே இல்லை. முழங்காலைக் கட்டிக்கிட்டு சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கிற பிள்ளைக்கும் வாந்தி 0, ஓடி விளையாடுற பிள்ளைக்கும் வாந்தி 0. ரவுண்ட்ஸ் வர்றவங்க ரெண்டையும் ஒரே மாதிரிதான் படிக்கிறாங்க.

குமட்டலைத் தனியா எழுதணும்னு இருக்கோம். பிள்ளைங்க 3 வயசுல இருந்து 14 வரைக்கும். பெரியவங்களைக் கேக்குற மாதிரி "0-க்கும் 10-க்கும் நடுவுல ஒரு நம்பர் சொல்லு"ன்னா சின்னதுங்க பிடிச்ச நம்பரைச் சொல்லுதுங்க. வலிக்கு வச்சிருக்கிற சிரிச்ச முகம், அழுத முகம் அட்டையையே இதுக்கும் காட்டலாமா?

இன்னொண்ணு, ஏற்காட்டுல இருந்தும் அதைச் சுத்தி உள்ள ஊர்கள்ல இருந்தும் இறங்கி வர்ற பிள்ளைங்க. 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ல தாண்டி, கேனுலா (மருந்து ஏத்துற ஊசிக்குழாய்) போடுறதுக்கு முன்னாடியே வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்குதுங்க. இது பஸ் பண்ணினதா, போன சைக்கிளோட (போன சுற்றுக் கீமோவோட) மிச்சமா, ஊசியை நினைச்சு வர்றதா? எப்படிப் பிரிக்கிறது? வீட்டுக்குப் போன பிறகு எத்தனை நாள், யார் எழுதணும்?

---

வெள்ளணு (குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர்)

சிஸ்டர், வலி அட்டையை இதுக்குக் காட்டாதீங்க. ஊசிக்குப் பயந்த பிள்ளையும், அம்மா வெளியே போயிட்டாங்கன்னு ஏங்குற பிள்ளையும், பசியில இருக்கிற பிள்ளையும் அந்த அட்டையில அழுத முகத்தைத்தான் தொடும். நீங்க அதைக் குமட்டல்னு எழுத, நாங்க மருந்தைக் கூட்டுவோம். முகத்தைப் பார்த்தாலே "உவ்வே"ன்னு இருக்கணும், கண்ணீர் இருக்கக் கூடாது.

இதுக்குன்னே செஞ்ச அளவுகோல் ரெண்டு சொல்றேன். ஒண்ணு பெநாட் (PeNAT). டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனைக் குழு கீமோ பிள்ளைகளுக்காகவே செஞ்சு 2006-ல் வெளியிட்டது. 4 முதல் 18 வயசு வரை. நாலு முகம். 1-ன்னா குமட்டலே இல்லை, 4-ன்னா இதுக்கு மேல தாங்காது. இன்னொண்ணு பார்ஃப் (BARF), 2011-ல் வந்தது. ஆறு முகம், 0, 2, 4 என்று ரெண்டு ரெண்டாகப் 10 வரை போகும். 7 வயசுக்கு மேல் உள்ளவங்களிடம் சரிபார்த்தது.

உங்ககிட்ட 4, 5 வயசுப் பிள்ளைங்க இருக்கிறதால பெநாட்தான் தோது. எதை எடுத்தாலும் வார்டு முழுக்க ஒண்ணுதான் இருக்கணும். பெநாட்ல 2-ன்னா கொஞ்சம் குமட்டுது, பார்ஃப்லயும் 2-ன்னா கொஞ்சம்தான்; ஆனா பெநாட்ல 4 உச்சம், பார்ஃப்ல 4 பாதிகூட இல்லை. கேஸ் ஷீட்டில் வெறுமனே "4"-ன்னு இருந்தா நைட் டூட்டி டாக்டருக்கு என்ன புரியும்? அதனால எப்பவும் கீழ் எண்ணோட எழுதுங்க: 4/4, 4/10. அதே மாதிரி பெநாட்ல 0 கிடையாது. யாராவது 0-ன்னு எழுதியிருந்தா அவங்க பிள்ளையைக் கேக்காமலே எழுதியிருக்காங்கன்னு எடுத்துக்கலாம்.

முகங்களை நீங்களா வரைஞ்சுக்காதீங்க. 1-ஆம் முகத்துல லேசா ஒரு சிரிப்பு விழுந்தாலே அது மறுபடி சந்தோஷ அளவுகோல் ஆயிடும். முறையா அனுமதி வாங்கி அசல் படத்தை எடுங்க. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து 2-க்கும் 3-க்கும் வித்தியாசம் தெரியாத அட்டை நிறைய வார்டுல சுத்துது. லேமினேட் பண்ணினா சோப்புத் தண்ணியில துடைங்க. ஸ்பிரிட் போட்டுத் துடைச்ச அட்டையை மூக்குக்கு நேரா நீட்டினா அந்த வாடையே ஒரு மார்க் ஏத்திவிடும்.

எழுதும்போது மூணையும் தனித்தனியா எழுதுங்க. குமட்டல் உள்ளுக்குள்ள இருக்கிறது, பிள்ளை சொன்னாத்தான் தெரியும். ஓங்கரிப்பு உடம்பு முயற்சி பண்ணியும் ஒண்ணும் வெளியே வராதது. வாந்தி வந்துடுச்சு. எண்ணிக்கையில ஒரு குழப்பம் வரும்: தொடர்ந்து நாலு தடவை ஓங்கரிச்சு ரெண்டு தடவை கொட்டினா ஆறா, ஒண்ணா? ஒரு நிமிஷமாவது முழுசா ஓய்ஞ்சு மறுபடி வந்தாத்தான் அது அடுத்த தடவை. நடுவுல ஓயலைன்னா மொத்தமும் ஒண்ணுதான்.

எப்போ கேக்கணும்: மருந்து ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, இது கட்டாயம். முன்னாடி எழுதின நம்பர் இல்லாம பின்னாடி வர்ற நம்பருக்கு அர்த்தமே இல்லை. வீட்டுல காலையில எழுந்ததும், ராத்திரி படுக்கும்போதும், நடுவுல பிள்ளையா "ஒமட்டுது"ன்னு சொல்ற நேரமும். "இன்னைக்கு எப்படி இருந்துச்சு"ன்னு கேக்காதீங்க. 7 வயசுக்குக் கீழ உள்ளதுக்கு இன்னைக்கு என்பதெல்லாம் ஒரு பெரிய கணக்கு. "இப்போ, இந்த நிமிஷம்" அவ்வளவுதான்.

4 வயசுக்குக் கீழ முகமே வேண்டாம், பார்த்து எழுதுங்க. எச்சிலைத் திரும்பத் திரும்ப முழுங்குறது, வாயோரம் ஒழுகுறது, உதடு வெளுக்குறது, நெத்தியில பிசுபிசுன்னு வேர்க்குறது, பால் பாட்டிலைத் தள்ளிட்டுத் தலையைத் திருப்பிக்கிறது, திடீர்னு சத்தமே இல்லாம அடங்கிப்போறது. கடைசியா சொன்னதைத்தான் எல்லாரும் "பாப்பா சமத்தா இருக்கு"ன்னு விட்டுடுறாங்க.

இன்னொரு விஷயம். குழந்தைகளுக்கான வழிகாட்டிகள் முழுக் கட்டுப்பாடுன்னு சொல்றது வாந்தி இல்லாததை மட்டும் இல்லை. வாந்தி, ஓங்கரிப்பு, குமட்டல் மூணும் இல்லை, தடுப்பு மருந்துக்கு மேல கூடுதல் மருந்து தேவைப்படலை, குமட்டலால வழக்கமான சாப்பாடும் குறையலை, இத்தனையும் சேர்ந்தாத்தான். அதனால 2/4 வந்தாலே தடுப்பு முழுசா நிக்கலைன்னு எங்களுக்குச் சொல்லுங்க. வாந்தி வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

---

விளையாட்டு_அறை (குழந்தைகள் மனநல ஆலோசகர்)

டாக்டர் சொன்ன அளவுகோல்ல பாதி வேலை முகத்துல இல்லை, முகத்தைக் காட்டுறதுக்கு முந்தி நடக்கிற பேச்சுலதான் இருக்கு. அதைத் தாண்டிக்கிட்டு நேரா அட்டையை நீட்டுறவங்கதான் அதிகம்.

முதல்ல அம்மாவையோ அப்பாவையோ கேளுங்க: "வாந்தி வர்ற மாதிரி இருந்தா உங்க வீட்டுல இவன் என்ன சொல்லுவான்?" குமட்டல்னு எந்தப் பிள்ளையும் சொல்லாது, அது நாம எழுதுற வார்த்தை. ஒமட்டுது, வயித்தைப் பிரட்டுது, வாயில தண்ணி ஊறுது, தொண்டையில வந்து நிக்குது, நெஞ்சுல என்னமோ பண்ணுது, சில சமயம் வெறும் "வவுறு நோவுது". சேலத்துல வீட்டுக்குள்ள தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசுற குடும்பம் எத்தனை! பிள்ளை வெளியே தமிழ் பேசும், வயித்தைப் பத்தி மட்டும் வீட்டு மொழியிலதான் சொல்லும். மலைக்கிராமத்துப் பிள்ளைகள் சொல்ற சொல்லும் நம்ம வார்டுச் சொல்லும் ஒண்ணா இருக்காது. கிடைச்ச சொல்லைக் கேஸ் ஷீட் முதல் பக்கத்துல பெருசா எழுதிடுங்க. அடுத்த ஷிப்ட் சிஸ்டரும் அதே சொல்லுலதான் கேக்கணும்.

அடுத்து, பிள்ளைக்கு அந்த உணர்வு இதுக்கு முன்னாடி எப்போ வந்துச்சுன்னு பிடிக்கணும். பேச்சு இப்படிப் போகலாம்:

"பஸ்ல போகும்போது எப்பவாச்சும் உனக்கு ஒமட்டியிருக்கா?"
"ம்."
"அப்போ எங்கே என்னமோ பண்ணுச்சு? தொட்டுக் காட்டு."
(தொண்டையையோ மேல் வயித்தையோ தொடும்.)
"சரி. இந்த முதல் முகத்துக்கு ஒமட்டவே இல்லை. இந்தக் கடைசி முகத்துக்கு ரொம்ப ரொம்ப ஒமட்டுது. அன்னைக்கு பஸ்ல நீ எந்த முகம்?"
(ஒண்ணைத் தொடும்.)
"இப்போ, இங்க உட்கார்ந்திருக்கியே, இப்போ எந்த முகம்?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு வர்ற பதிலைத்தான் எழுதணும். பிள்ளை தொப்புளுக்குக் கீழ தொட்டுக் காட்டினா அது குமட்டலா, வலியான்னு மறுபடி பேசுங்க. "வாந்தி வருதா?"ன்னு மட்டும் கேக்கவே கூடாது. வரலைன்னு சொல்லிட்டு உள்ளுக்குள்ள பிரட்டிக்கிட்டே இருக்கும்.

அம்மாவைப் பிள்ளைக்குப் பின்னாடி உட்கார வைங்க. எதிர்ல இருந்தா பிள்ளை அட்டையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மாவோட கணிப்பும் வேணும், ஆனா அது தனிக் கட்டம். பிள்ளை 3, அம்மா 1-ன்னு வந்தா நடுவுல 2-ன்னு போடுறாங்க சிலர். அப்படிச் செஞ்சா ரெண்டு தகவலும் போச்சு.

பிள்ளைங்க வேணும்னே குறைச்சுச் சொல்றதும் உண்டு. "ஒமட்டுதுன்னு சொன்னா இன்னொரு ஊசி போடுவாங்க", "இன்னைக்கு வீட்டுக்கு விடமாட்டாங்க", இதெல்லாம் 6 வயசுலயே கணக்குப் போடும். கூட்டிச் சொல்றதுக்கு ஒரே காரணம்தான், அதுவும் நம்மளாலதான்: "இல்லைன்னு சொன்னா ஒரு வாய் சாப்பிடு, இன்னொரு வாய் சாப்பிடுன்னு பின்னாடியே வருவாங்க." அதனால மார்க் கேக்குற நேரமும் சாப்பாட்டு நேரமும் ஒண்ணா இருக்கக் கூடாது. குறைஞ்சது அரை மணி நேரம் தள்ளி வைங்க.

சாப்பாடுன்னதும் ஒண்ணு. கீமோ அன்னைக்குப் பிள்ளைக்கு ரொம்பப் பிடிச்சதைக் கொடுக்காதீங்க. உளவியல் ஆய்வாளர் இலீன் பெர்ன்ஸ்டைன் 1978-லயே காட்டினது: கீமோவுக்கு முன்னாடி ஒரு புது ருசி ஐஸ்கிரீம் சாப்பிட்ட பிள்ளைகள் பின்னால அதையே வேண்டாம்னாங்க. குமட்டலோட பழி சாப்பாட்டு மேல விழுந்துடுது. அதுக்கு ஒரு மாற்றும் பின்னால வந்துச்சு. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவுல, பழக்கமில்லாத ருசியில ஒரு மிட்டாய். பழி அந்த மிட்டாய் மேல விழட்டும், வீட்டுச் சாப்பாடு தப்பிச்சுக்கும். தட்டுவடை செட் ஆசைப்படுற பிள்ளைக்கு அதைக் கீமோ நாள்ல வாங்கிக் கொடுத்து, அதையே வெறுக்க வைக்கிற அம்மாக்கள் நம்ம ஊர்ல அதிகம். ரத்தத்துல வெள்ளணு குறைஞ்சிருக்கும்போது அதுல இருக்கிற பச்சைக் காய்த் துருவல் வேற ஆகாது, அது தனிக் கதை.

---

மலைக்காற்று (ஏற்காடு, பெற்றோருக்குப் பதிவேடு சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்)

சிஸ்டர், பஸ் கேள்விக்கு நான் சொல்றேனுங்க. ஒரு இடத்துல கேட்டா பிரிக்கவே முடியாது. மூணு இடத்துல கேக்கணும்: வீட்டுல கிளம்பும்போது, அடிவாரத்துல, டே கேர் வந்து உட்கார்ந்து அரை மணி கழிச்சு. குப்பனூர் வழியா இறங்குறவங்க குப்பனூர்ல ஒண்ணு எழுதட்டும். கூடவே முந்தின நாள் ராத்திரி போட்ட மார்க்கும் இருக்கணும்.

வர்ற நம்பர் வரிசையே பேசுமுங்க. உதாரணத்துக்கு:

ராத்திரி 1, வீடு 1, அடிவாரம் 3, டே கேர் 1. இது பஸ்தான். சமதரையில கால் வச்சு அரை மணியில இறங்கிடுச்சு.

ராத்திரி 1, வீடு 2, அடிவாரம் 3, டே கேர் 3. பஸ் ஏறாம இருக்கும்போதே தொடங்கிடுச்சு, சமதரைக்கு வந்தும் இறங்கலை. இது கீமோவை நினைச்சு வர்றது.

ராத்திரி 1, வீடு 1, அடிவாரம் 3, டே கேர் 1, ஸ்பிரிட் பஞ்சு கையில பட்டதும் 3. ரெண்டும் இருக்கு. இது நிறையப் பேருக்குத் தெரியறதில்லை, ஏன்னா பஸ் மேல பழியைப் போட்டுட்டு விட்டுடுவோம்.

ராத்திரி 2, வீடு 2, அடிவாரம் 3, டே கேர் 2. இது நேத்தே இருந்தது. போன தடவை மிச்சமோ வேற ஏதோ. உள்ளே போனதும் முதல்ல இதைத்தான் டாக்டர்கிட்ட சொல்லணும்.

இன்னும் சந்தேகம் இருந்தா, கீமோ இல்லாத ஒரு நாள் துணி எடுக்கவோ வேற வேலைக்கோ சேலம் இறங்குறப்போ அதே மூணு மார்க்கையும் போடச் சொல்லுங்க. அன்னைக்கும் அடிவாரத்துல 3 வந்தா அந்தப் பிள்ளைக்கு வளைவு ஆகாது, அவ்வளவுதான்.

பஸ்ல முன் சீட்டு, ஜன்னல் திறந்து, தூரத்து ரோட்டைப் பார்த்துக்கிட்டு. போன் கொடுக்கக் கூடாது, அதுதான் பாதிப் பேருக்குக் காரணம். வெறும் வயித்தோட ஏத்தவும் கூடாது. கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு இட்லியோ கொஞ்சம் ஜவ்வரிசிக் கஞ்சியோ போதும். காபி பூக்கிற சீசன்ல எஸ்டேட் ஓரமா வந்தா அந்த வாசமே சில பிள்ளைக்குப் பிடிக்கிறதில்லை. தாளிப்பு வாசம் மாதிரி அதையும் ஒரு ஓரத்துல எழுதிக்கணும்.

நாங்க மலைப் பிள்ளைங்களுக்கு முகத்துக்குப் பதிலா வளைவு நம்பரையே வச்சுக்கலாமான்னு யோசிக்கிறோம். "1-ஆவது வளைவு மாதிரி இருக்கா, 20-ஆவது வளைவு மாதிரி இருக்கா?" ஒவ்வொரு வளைவுலயும் பலகை இருக்கு, எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். டாக்டர் என்ன சொல்றாரு?

---

வெள்ளணு

மலைக்காற்று, மூணு இடத்துல கேக்குறது அருமை. அதை எங்க சார்ட்லயே சேர்க்கலாம்.

வளைவு நம்பர் வேண்டாம். எண்ணிக்கை அடிவாரத்துல 1-ல ஆரம்பிச்சு மேல 20. ஏறுற பிள்ளைக்கு 20 கடைசி வளைவு, அங்கேதான் குமட்டல் உச்சம். இறங்குற பிள்ளைக்கு 20-தான் முதல் வளைவு, அங்கே வயிறு சும்மா இருக்கும், 1-ல வரும்போதுதான் வாயைப் பொத்திக்கும். ஒரே நம்பர் ரெண்டு பிள்ளைக்கு நேரெதிர் அர்த்தம். நினைவைப் பிடிக்க வளைவைப் பேசுங்க, மேலே ஆலோசகர் பேசிக்காட்டின மாதிரி. மார்க் மட்டும் முகத்துலதான்.

எத்தனை நாள் எழுதணும்னு சிஸ்டர் கேட்டிருந்தீங்க. கடைசி டோஸ் முடிஞ்சு 24 மணி நேரம் வரைக்கும் வர்றது உடனடிக் குமட்டல். அதுக்கு அப்புறம் வர்றது தாமதக் குமட்டல், இது வீட்டுலதான் நடக்கும், அதனாலதான் நம்ம கண்ணுல படாது. சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்துல ரெண்டாம் மூணாம் நாள்தான் மோசம். முதல் நாள் 1/4-ன்னு சந்தோஷமா அனுப்பி வைப்போம், மூணாம் நாள் மலை மேல அந்தப் பிள்ளை தண்ணிகூடக் குடிக்காது. 5 நாள் கட்டாயம், சிஸ்பிளாட்டின் மாதிரி கடுமையான மருந்துன்னா 7 நாள். தொடுறது பிள்ளை, எழுதுறது வீட்டுல ஒருத்தர். 11, 12 வயசுக்கு மேல அவங்களே எழுதட்டும்.

அன்னைக்கே மலை ஏறுறவங்களுக்கு: பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு மார்க். 3/4 இருந்தா ஏத்தாதீங்க, எங்களைக் கூப்பிடுங்க. அது உடனடிக் குமட்டல் நேரம், அதோட 20 வளைவையும் சேர்த்தா அடுத்த சைக்கிளுக்கு ஊசியை நினைச்சு வர்ற குமட்டலை நாமளே விதைச்ச மாதிரி. நினைச்சு வர்றது எப்பவும் முந்தின தடவை சரியாக் கட்டுப்படாததோட பிள்ளைதான். அது வேர்விட்டுட்டா வாந்தி மருந்தை எவ்வளவு கூட்டினாலும் பெருசா அசையாது. முந்தின ராத்திரியும் அன்னைக்குக் காலையிலயும் பதற்றம் தணிக்கிற மருந்து, கவனத்தைத் திருப்புற விளையாட்டு, மூச்சுப் பயிற்சி இப்படி வேற பாதையில போகணும்.

---

மாத்திரை_டப்பா (மருந்தாளுநர்)

மதிப்பெண் 3/4 வந்த உடனே "மருந்து கேட்கவில்லை" என்று எழுதுவதற்கு முன், மருந்து உள்ளே போனதா என்று பாருங்கள். நான் பார்க்கும் தவறுகள் பெரும்பாலும் இவைதான்.

வாந்தி தடுக்கும் ஒண்டான்செட்ரான் சிரப் நம் கடைகளில் கிடைப்பது 5 மில்லியில் 2 மில்லிகிராம். டாக்டர் கிலோவுக்கு 0.15 மி.கி. கணக்கில் 20 கிலோ பிள்ளைக்கு 3 மி.கி. எழுதினால் அது 7.5 மில்லி. சீட்டில் "3" மட்டும் கண்ணில் பட்டு வீட்டில் 3 மில்லி ஊற்றினால் உள்ளே போவது 1.2 மி.கி., பாதிகூட இல்லை. அதனால் சீட்டில் மில்லியையும் எழுதுங்கள், ஊசியில்லா சிரிஞ்சில் அந்தக் கோட்டில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக் கொடுங்கள். வீட்டு டீஸ்பூன் அளவு ஒன்றுக்கொன்று மாறும், அதை நம்ப வேண்டாம்.

வாயில் கரையும் மாத்திரையைப் பாதி உடைத்து மறுபாதியைத் தாளில் மடித்து வைக்கிறார்கள். மலை ஈரத்தில் அது மாவாகிவிடும். 

மருந்து கொடுத்த நேரம், வாந்தி வந்த நேரம், வாந்தியில் மாத்திரை தெரிந்ததா, இந்த மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். திரும்பக் கொடுப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் அதை வைத்துத்தான் சொல்வார். குறிப்பாகக் கீமோ மாத்திரையை வாந்தி எடுத்தால் வீட்டிலேயே முடிவு செய்து இன்னொன்று கொடுக்கவே கூடாது.

"பஸ் வாந்திக்கு" என்று ஒண்டான்செட்ரானைக் கூடுதலாகக் கொடுப்பதில் பயனில்லை. அது தடுப்பது கீமோ தூண்டும் செரடோனின் பாதையை. பயணக் குமட்டல் உள்காதிலிருந்து வருகிறது, பாதை வேறு. கடையில் கேட்டு வாங்கும் பயண மாத்திரைகள் தூக்கம் தருபவை. தூங்கி வழியும் பிள்ளையிடம் நீங்கள் எடுக்கும் மதிப்பெண்ணும் பொய்யாகிவிடும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இன்னொரு வாந்தி மருந்தான டோம்பெரிடோனைச் சேர்த்துக் கொடுப்பதும் அப்படித்தான், அதுவும் ஒண்டான்செட்ரானும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் ஓட்டத்தைப் பாதிக்கக்கூடும்.

மெட்டோகுளோப்ரமைடு என்ற வாந்தி மருந்து போட்ட பிள்ளை கண்ணை மேலே செருகினாலோ, கழுத்தோ நாக்கோ ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டாலோ அது வலிப்போ பேயோ அல்ல, அந்த மருந்தின் விளைவு. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாற்று மருந்து கொடுத்தால் சரியாகும்.

---

டேகேர்_சிஸ்டர்

எல்லாருக்கும் நன்றிங்க. அட்டைக்கு அனுமதி கேட்டு எழுதிட்டேன், மூணு இடத்து மார்க் சார்ட்டும் அச்சுக்குப் போயிருக்கு. மில்லி கணக்கை நாளைக்கே சீட்டுல மாத்துறோம்.

ஒரு சந்தேகம் மிச்சம். வின்கிறிஸ்டின்ங்கிற கீமோ மருந்து மட்டும் போட்டு அனுப்புற பிள்ளைங்க சிலர் 4, 5-ஆம் நாள் 3/4-ன்னு எழுதிட்டு வர்றாங்க. வின்கிறிஸ்டினுக்குக் குமட்டல் அவ்வளவா கிடையாதுன்னுதானே படிச்சோம்? இதை எப்படி எடுத்துக்கிறது? வாந்தி மருந்தைக் கூட்டச் சொல்லி போன்லயே கேக்குறாங்க.

---

வெள்ளணு

சிஸ்டர், நீங்க கேட்டதுலயே இதுதான் முக்கியமான கேள்வி. மருந்துக்குப் பொருந்தாத மார்க் வந்தா, மார்க்கைச் சந்தேகப்படாதீங்க, காரணத்தைச் சந்தேகப்படுங்க. வின்கிறிஸ்டின் குமட்டலைக் கிளப்புறதுல மிகக் குறைவு. அப்போ அந்த 3 எங்கிருந்து வந்துச்சு?

முதல்ல மலச்சிக்கல். வின்கிறிஸ்டின் குடலோட நரம்பை மந்தப்படுத்தும். வீட்டுல மிச்சம் இருந்த ஒண்டான்செட்ரானை அம்மா கொடுத்திருப்பாங்க, அதுவும் மலத்தைக் கட்டும். கட்டினதால குமட்டும், குமட்டினதால இன்னும் ஒரு டோஸ், அதனால இன்னும் கட்டும். அதனால போன்ல முதல் கேள்வி "எத்தனை தடவை வாந்தி?" இல்லை, "கடைசியா எப்போ வெளிக்குப் போனான்? எப்படிப் போச்சு, ஆட்டுப் புழுக்கை மாதிரியா?" வயிறு உப்பி, காத்துகூடப் போகலைன்னா கிளம்பி வரச் சொல்லுங்க. ஆசனவாய் வழியா எனிமாவோ மருந்தோ வீட்டுல வைக்கக் கூடாது, வெள்ளணு குறைஞ்சிருக்கிற நேரத்துல அதுவே கிருமிக்கு வாசல்.

ரத்தப்புற்றுப் பிள்ளைன்னா அஸ்பராஜினேஸ்ங்கிற கீமோ மருந்து போட்டிருக்கான்னு பாருங்க. மேல் வயித்து வலி முதுகுக்குப் பாஞ்சு, குமட்டலும் சேர்ந்தா கணையம் வீங்கியிருக்கலாம். முதுகுத் தண்டுல ஊசி போட்டு ரெண்டு மூணு நாளுக்குள்ள வர்ற குமட்டல்ல ஒரு அடையாளம் உண்டு: படுத்தா 1, எழுந்து உட்கார்ந்தா 3, கூடவே தலைவலி. அதனால அந்தப் பிள்ளைங்களுக்குப் படுத்திருக்கும்போது ஒண்ணு, உட்கார வச்சு ஒண்ணுன்னு ரெண்டு மார்க் எடுங்க. இதுக்கு நேர்மாறா, விடியக்காலையில தலைவலியோட வாந்தி வந்து, எழுந்து நடமாடினா குறைஞ்சா, தலைக்குள்ள அழுத்தம் கூடியிருக்கோன்னு நினைக்கணும். ஸ்டீராய்டு எடுக்கிற பிள்ளைக்கு வெறும் வயித்துல எரிச்சலோட வந்து, சாப்பிட்டா அடங்கிச்சுன்னா அது இரைப்பை. வாய்ப்புண் உள்ள பிள்ளை எச்சிலை முழுங்க முடியாம ஓங்கரிக்கும், டார்ச் அடிச்சு வாயைப் பார்க்காம குமட்டல்னு எழுதாதீங்க.

போன் வந்தா மார்க் நம்பரோட இதையும் கேளுங்க: காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் தொட்டுச்சா, கடைசியா ஒண்ணுக்குப் போய் 8 மணி நேரம் ஆச்சா, வாந்தி பச்சையா இருந்துச்சா, ரத்தம் கலந்துச்சா, எழுப்பினாலும் முழிக்காம கிடக்கிறானா. இதுல ஒண்ணுக்கு ஆமாம்னு வந்தாலும் மார்க் எவ்வளவுன்னு பார்க்க வேண்டாம், உடனே கிளம்பி வரச் சொல்லுங்க. ஏற்காட்டுல இருந்து இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும், விடியட்டும்னு விட்டா அது இன்னும் நீளும்.

---

மலைக்காற்று

டாக்டர் சொன்ன அஞ்சு கேள்வியையும் மார்க் சீட்டுக்குப் பின்பக்கமே அச்சடிச்சுடலாமுங்க, பெரிய எழுத்துல. மலையில சில ஊர்ல சிக்னல் முற்றத்துக்கு வந்தாத்தான் கிடைக்கும். பேச ஆரம்பிச்சு நடுவுல கட் ஆயிடும், மறுபடி கூப்பிடுறதுக்குள்ள என்ன கேட்டாங்கன்னு மறந்துடுது. பதிலை முதல்லயே எழுதி வச்சுக்கிட்டுக் கூப்பிட்டா ஒரே மூச்சுல சொல்லிடலாம். "கடைசியா வெளிக்குப் போன நாள்" அப்படின்னு ஒரு கட்டம் முன்பக்கம் தினமும் நிரப்புற மாதிரி வேணும் சிஸ்டர், அச்சுக்குப் போனதை நிறுத்த முடியுமான்னு பாருங்க.

---

டேகேர்_சிஸ்டர்

நிறுத்தியாச்சுங்க. அச்சகத்துல நாளைக்குக் காலையில வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்க. வெளிக்குப் போன கட்டம், படுத்து ஒண்ணு உட்கார்ந்து ஒண்ணு, அப்புறம் முதல் வரியிலயே "உங்க வீட்டுல இதுக்கு என்ன சொல்லுவீங்க?"ன்னு ஒரு கோடு, மூணும் சேர்த்துட்டேன்.